பிளக் சுடுகிறதா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்!

புடவை வாங்கப் போனால் பார்டரை அங்குலம் அங்குலமாகப் பிரித்துப் பார்க்கிறோம். கத்திரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குகிற மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் இவற்றின் அடியில் ஒட்டியிருக்கிற சின்னத் தகட்டை மட்டும் யாராவது படிக்கிறோமா? "அதெல்லாம் எலெக்ட்ரீஷியன் சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறோம்.

சகோதரிகளே, அந்தத் தகட்டில் இருப்பது இரண்டே இரண்டு எண்கள்தான். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 230 வோல்ட் என்றும் 1000 வாட் என்றும் போட்டிருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, பால் கணக்குப் போடத் தெரிந்த யாரும், நம் வீட்டு வயர் தாங்குமா, பிளக் கருகுமா, பில் எவ்வளவு வரும் என்று சொல்லிவிடலாம். நான் ஒன்றும் என்ஜினீயர் இல்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள்தான். பத்தாம் வகுப்பில் பௌதிக டீச்சர் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஒரு விதி முப்பது வருஷம் கழித்து அடுப்பங்கரையில் எனக்குக் கைகொடுக்கிறது, அவ்வளவுதான்.

அந்த விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் இறங்குவதை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வேகம். அது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது ஆம்பியர். எலெக்ட்ரீஷியன்கள் 'ஆம்ஸ்' என்பார்கள். குழாய் எவ்வளவு குறுகலாக, தண்ணீரை விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறதோ அது மின்தடை, அதாவது ஓம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வந்துவிடும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். வாட் என்பது அந்தச் சாமான் எவ்வளவு சக்தியைச் சாப்பிடுகிறது என்பது.

இஸ்திரிப் பெட்டிக்கே போட்டுப் பார்ப்போம். வாட் 1000, வோல்ட் 230. ஆயிரத்தை 230ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். இனி 230ஐ 4.35ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம். முடிந்தது!

இது சரியா என்று எனக்கே ஒரு சந்தேகம். பாலிடெக்னிக் படிக்கிற என் மகனிடம் மல்டிமீட்டர் என்கிற சின்னக் கருவி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, பெட்டி நன்றாக ஆறிய பிறகு, சூட்டுத் திருகியை 'காட்டன்' பக்கம் திருப்பி வைத்து, குதிரை லாடம் மாதிரி குறி போட்ட இடத்தில் மீட்டரை வைத்து, பிளக்கின் இரண்டு சின்ன முனைகளிலும் அதன் கம்பிகளைத் தொடச் சொன்னேன். ஐம்பத்து இரண்டு சொச்சம் காட்டியது. என் மாமியார்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அதே உற்சாகத்தில் அவன் பரணிலிருந்து பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்து வந்தான். கணக்குப்படி 882 ஓம் வரவேண்டும். மீட்டர் காட்டியதோ எழுபதுக்கும் கீழே! கணக்கு தப்பில்லை. பல்பு எரியும்போது அதன் இழை வெள்ளையாகப் பழுக்கிற சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் டங்ஸ்டனின் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். மீட்டர் அளந்தது ஆறிப்போன இழையை. குண்டு பல்பு பெரும்பாலும் சுவிட்சைப் போடுகிற அந்த நொடியில் 'டப்'பென்று போவதும் இதனால்தான். ஆறிய இழைக்குள் முதல் கணத்தில் கரண்ட் பல மடங்காகப் பாயும். இஸ்திரிப் பெட்டியில் இருக்கும் நிக்ரோம் கம்பி அப்படி இல்லை. சூட்டிலும் குளிரிலும் அதன் தடை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். அதிக வாட் உள்ள சாமானுக்குத் தடை குறைவு. 60 வாட் பல்புக்கு 882 ஓம், 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம்தான். ஹீட்டரைப் 'பெரிய சாமான்' என்று நினைக்கிற நமக்கு இது தலைகீழாகத் தெரியும். தடை குறைவாக இருப்பதால்தான் அது அத்தனை கரண்டை உள்ளே விடுகிறது.

இந்த விதியைக் கண்டுபிடித்தவர் கியார்க் சைமன் ஓம். 1789ல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. ஓம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டே, கம்பிகளை வைத்துச் சோதனை செய்து 1827ல் புத்தகமாகப் போட்டார். அவர் ஊரில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் மரியாதை வந்தது. நல்ல மருமகளின் அருமை பக்கத்து வீட்டாருக்குத்தானே முதலில் தெரிகிறது!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள்.

என் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் வீடு மாமனார் காலத்தில் வயரிங் செய்தது. பின்கட்டு அறையைப் பிள்ளை பெற்றவளுக்கு ஒதுக்கினோம். அங்கே இருந்தது ஒரே ஒரு சின்ன பிளக் பாயின்ட். குழந்தைக்கு வெந்நீர் வேண்டும், அதற்கு 1500 வாட் ஹீட்டர் ராடு. குழந்தையின் துணியை இஸ்திரி போட்டுத்தான் உடுத்த வேண்டும் என்று பெண் பிடிவாதம், அதற்கு 1000 வாட். பால் பாட்டிலை ஆவியில் வைக்கிற பாத்திரம் ஒன்றை மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார், அது 500 வாட்.

எலெக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தார். "ஒண்ணும் கவலைப்படாதீங்கக்கா. ஒரு ஜங்ஷன் பாக்ஸ் போட்டு, ராடுக்கு ஒரு கன்வெர்ட்டர் செருகிட்டா போதும். எல்லாத்தையும் இதுலயே போட்டுக்கலாம்" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். 1500ம் 1000ம் 500ம் சேர்த்தால் 3000 வாட். வகுத்தல் 230. பதின்மூன்று ஆம்பியர்! ஜங்ஷன் பாக்ஸைத் திருப்பிப் பார்த்தால் '6 ஆம்பியர்' என்று அச்சடித்திருக்கிறது. சுவரில் உள்ள பாயின்ட்டும் அதே 6 ஆம்பியர்தான். ஆறு பேர் உட்காருகிற பெஞ்சில் பதின்மூன்று பேர்! ராடு ஒன்றே ஆறரை ஆம்பியர் இழுக்கும்.

"எல்லாத்தையும் ஒரே நேரத்துல போட மாட்டீங்கல்லக்கா" என்றார் தம்பி. பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் எது எந்த நேரத்தில் ஓடும் என்று யாரால் சொல்ல முடியும்? ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதால், எது ஓடுகிறது எது ஓடவில்லை என்று பார்த்தா ஒருத்தி சுவிட்ச் போடுவாள்?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கம்பியில் உண்டாகும் சூடு, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையாலும் பெருக்கினால் வருவது. ஆகவே கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு ஆகும். ஜங்ஷன் பாக்ஸோடு வருகிற மெல்லிய வயர் ஐந்து மீட்டர் என்றால், போக ஐந்து, வர ஐந்து, மொத்தம் பத்து மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் கால் ஓம். "கால் ஓம்தானே" என்று அலட்சியமாக இருக்கத் தோன்றும். ராடும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் ஏறக்குறைய 11 ஆம்பியர். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கி, கால் எடுத்தால் 30 வாட். வயர் முழுக்கப் பரவியிருந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினால் எங்கே போகும்? பிளாஸ்டிக் உருகிவிடும்.

இதைவிட மோசம் லூஸ் பிளக். துளைக்குள் பிளக் இறுக்கமாக உட்காராமல் ஆடிக் கொண்டிருந்தால் அந்தத் தொடுமிடத்தில் அரை ஓம் தடை வந்துவிடலாம். அதில் ஒரு 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி கிட்டத்தட்ட 38 வாட். நெல்மணி அளவு இடத்தில் ஒரு 40 வாட் பல்பின் சூடு! பிளக்கின் முனை கறுப்பதும், மீன் கருகினாற்போல வாடை வருவதும் அதனால்தான். கருகிய இடத்தில் தடை இன்னும் ஏறும், இன்னும் சுடும். உப்புக் காகிதம் வைத்துத் தேய்த்து மறுபடி செருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அது போதாது. பிளக், அது செருகும் கட்டை இரண்டையுமே மாற்ற வேண்டும்.

கடையில் விற்கிற கன்வெர்ட்டர் கட்டையும் எனக்குப் பிடிக்காத சாமான். 16 ஆம்பியர் பிளக்கைத் தடியாகச் செய்திருப்பதே, அது சின்னத் துளையில் நுழையக்கூடாது என்றுதான். அந்தக் காவலை ஏமாற்றுவதற்கு ஒரு கட்டையா?

காலண்டர் தாளைத் தம்பியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சரிக்கா, மெயின்லேர்ந்து ரெண்டரை ஒயர் தனியா இழுத்து, பதினாறு ஆம்ஸ் பாயின்ட் போட்டுடலாம்" என்றார். 'ரெண்டரை' என்றால் செம்பின் பருமன் 2.5 சதுர மில்லிமீட்டர். விளக்கு, விசிறிக்கு ஒன்றரை போதும். வயரின் பருமன் கூடினால் தடை குறையும், சூடும் குறையும். என் கணவர் செலவைப் பற்றி முணுமுணுத்தார். பேரன் முகத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டார். அந்தப் புது பாயின்ட்டிலும் ராடும் இஸ்திரியும் தனித்தனியாகத்தான் ஓடின.

இனி ஷாக் கணக்கு. இளம் தாய்மார்கள் இதை இரண்டு தரம் படியுங்கள். நம் உடம்புக்கும் தடை உண்டு. உலர்ந்த தோல் என்றால் பல ஆயிரம் ஓம், சிலருக்கு லட்சம் வரைகூட இருக்கும். நனைந்த கை, நனைந்த தரை, வெறுங்கால் என்றால் அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். இதில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் போனாலே இதயத்தின் துடிப்பு தாறுமாறாகலாம்.

0.23 ஆம்பியர் என்றால் ஒரு 60 வாட் பல்பு இழுப்பதைவிடக் குறைவு! 6 ஆம்பியர் தாங்குகிற ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஒரு பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். "எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே, ஷாக் அடிச்சா விழுந்துடுமே" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எம்.சி.பி.யும் ஃபியூஸும் காப்பாற்றுவது வயரை. மனுஷரைக் காப்பாற்ற வைப்பது ஆர்.சி.சி.பி. என்கிற வேறு சாமான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வித்தியாசம் வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். வீட்டுக்கு வாங்கும்போது '30 மில்லி ஆம்பியர்' என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு சின்ன டெஸ்ட் பொத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை அதை அழுத்திப் பார்ப்பது என் வேலை. உடனே விழுந்தால் நல்லது.

மூன்றாவது முனையான எர்த்தும் இதே கணக்குத்தான். ஃபிரிஜ்ஜுக்குள் வயர் உரசி அதன் உடம்பில் கரண்ட் ஏறிவிட்டது என்று வையுங்கள். எர்த் சரியாக இருந்து, அந்த வழியின் தடை 2 ஓம்தான் என்றால் 115 ஆம்பியர் பாயும். ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். எர்த் இல்லாவிட்டால் எதுவும் பாயாமல் காத்துக்கொண்டிருக்கும், நீங்கள் ஈரக்கையோடு கதவைத் திறக்கிறவரை. இரண்டு துளைக் கட்டையில் செருகுவதற்காகத் தடி முனையை அறுத்துவிடுகிற வேலையை யார் செய்தாலும் விடாதீர்கள். ஃபியூஸ் கட்டையில் முறுக்கிய செம்புக் கம்பியைப் பட்டையாகச் சுற்றுவதும் அதே ரகம்தான். உருக வேண்டியது உருகாவிட்டால் சுவருக்குள் இருக்கிற வயர்தான் உருகும்.

ஹீட்டர் ராடு வைத்திருப்பவர்கள் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் விரல் வையுங்கள். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டால் ராடு போட்ட வாளி தரையில் இருக்கவே கூடாது.

ஒரு வாளி வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட் ஆகும்? ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 15 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 47 டிகிரிக்குக் கொண்டுவர 0.35 யூனிட் வேண்டும். 1500 வாட் ராடுக்கு 14 நிமிஷம். லோ வோல்டேஜ் வந்து 180 வோல்ட்தான் இருக்கிறது என்றால்? தடை மாறாது, ஆகவே கரண்டும் குறையும், வோல்ட்டும் குறையும். இரண்டையும் பெருக்கினால் ராடு 900 சொச்சம் வாட்தான் கொடுக்கும். 14 நிமிஷ வேலைக்கு 23 நிமிஷம். "இத்தனை நேரம் ஓடுதே, பில் ஏறுமே" என்று பதற வேண்டாம். யூனிட் ஏறக்குறைய அதே 0.35தான்.

ஃபிரிஜ் அப்படி இல்லை. அதில் இருப்பது மோட்டார். வோல்ட் குறைந்தாலும் அது செய்யவேண்டிய வேலை குறைவதில்லை. ஆகவே கூடுதல் கரண்டை இழுக்கும், உள்ளே சுற்றிய கம்பி சுடும். கிளம்பவே முடியாமல் முனகினால் கம்பியே கருகிவிடும். பழைய ஃபிரிஜ்களுக்கு ஸ்டெபிலைஸர் வைப்பது அதற்குத்தான். மோட்டார் உள்ள சாமான்களுக்கு வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் தகட்டில் உள்ள வாட்டைவிடச் சற்று அதிகமாக வரும். 'பவர் ஃபாக்டர்' என்று ஒரு சமாசாரம் அதில் உண்டு. எல்.இ.டி. பல்புக்கும் ஓம் கணக்கு நேராகப் பொருந்தாது. இஸ்திரி, ராடு, ஹீட்டர் இவற்றுக்கு அப்படியே பொருந்தும்.

எங்கள் வீட்டில் நாளைக்கு மூன்று வாளி வெந்நீர் ஆனது. ஒரு நாளைக்கு 1.05 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 63. "வெந்நீர்லேயே சொத்து கரையுது" என்றார் இவர். பின்கட்டில் இருபது மணி நேரம் சுற்றிய பழைய 75 வாட் சீலிங் ஃபேனுக்குக் கணக்குப் போட்டேன். நாளைக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90! வெந்நீரைவிட விசிறி அதிகம். இப்போது பி.எல்.டி.சி. என்று 30 வாட் விசிறி வருகிறது. அதற்கு 36 யூனிட் போதும். தமிழ்நாட்டில் யூனிட் ஏற ஏற அடுத்தடுத்த யூனிட்டின் விலையும் ஏறுவதால், குறைகிற 54 யூனிட்டும் விலை கூடிய மேல் யூனிட்டுகளாகத்தான் குறையும். இவர் மறுவாரமே ஒரு புது விசிறி வாங்கி வந்தார். வெந்நீரைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

தகடு அழிந்துபோன பழைய சாமானுக்கு என்ன செய்வது? வீட்டு மீட்டரையே கேட்கலாம். எலெக்ட்ரானிக் மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று போட்டிருக்கும். எங்களுடையதில் 3200. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்த ஒரு சாமானை மட்டும் ஓடவிட்டு, பத்து மினுக்குக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3200 போட்ட மீட்டரில் 11250ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். பத்து மினுக்குக்குப் பதினொன்றே கால் விநாடி, சரியாக 1000. மாமனார் வாங்கி வைத்த வெட் கிரைண்டருக்கு மாவு ஆட்டும்போது ஐம்பது விநாடிக்கு மேல் ஆயிற்று. 220 வாட்தான். பாவம், அதை இத்தனை நாளாகப் பில்லைத் தின்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 360 லட்சத்தை, அதாவது 3,60,00,000ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதை 11250க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுவதற்கு முன் ஃபிரிஜ்ஜையும் அணைத்தீர்களா என்று பாருங்கள். எண்ணி முடித்ததும் மறக்காமல் அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள், மாவு புளித்துவிடும்.